மடிக்கணினி வரைகலை அட்டை: பெயர், திறன், விலை

மடிக்கணினியில் முப்பரிமாண உருவங்களையும் அசைபடங்களையும் கணித்துத் திரைக்கு அனுப்பும் தனிச் சில்லு வரைகலைச் செயலகம் எனப்படும். பேச்சு வழக்கில் இது 'கிராபிக்ஸ் கார்டு'. மேசைக் கணினியில் இது உண்மையிலேயே ஓர் அட்டை, கழற்றி மாற்றலாம். இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆகவே அதைத் தனியாக வாங்க முடியாது. அதன் விலை முழுக் கணினியின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. புதிய தலைமுறைச் சில்லு பழையதைவிட எவ்வளவு மேல், அதற்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்று கணக்கிடுவது கடினமாவதற்கு இதுவே முதற் காரணம்.

கொங்கு வட்டாரத்தில் இது வெறும் விளையாட்டுப் பிள்ளைகளின் கேள்வி அல்ல. கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி (1945), பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி (1951), கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி (1956), பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி (1984) எனப் பொறியியல் கல்லூரிகள் நிறைந்த பகுதி இது. சேர்க்கை மாதங்களில் பல குடும்பங்கள் கடன் வாங்கியோ மாதத் தவணையிலோ மடிக்கணினி எடுக்கின்றன. வார்ப்படம், பம்பு, நெசவு இயந்திரம் ஆகியவற்றை வடிவமைக்கும் தொழிற்கூடங்களிலும் அதே தேர்வு எதிர்ப்படுகிறது.

தொடக்க காலம்

என்விடியா நிறுவனம் 1999-இல் ஜீபோர்ஸ் 256 என்ற சில்லை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 2000 நவம்பரில், ஜீபோர்ஸ்2 கோ என்ற மடிக்கணினிச் சில்லை அறிவித்தது. ஏடிஐ நிறுவனமும் மொபிலிட்டி என்ற பெயரில் போட்டியிட்டது. மேசைக் கணினிச் சில்லின் சிக்கனமான தம்பி என்பதே அன்றைய மடிக்கணினிச் சில்லின் நிலை. பின்னாளில் எண்ணோடு 'எம்' என்ற எழுத்தைச் சேர்த்து அதைக் குறித்தார்கள். அந்த ஓர் எழுத்து வாங்குபவருக்கு நேர்மையான எச்சரிக்கையாக இருந்தது.

வெப்பம் அன்றுமுதல் தீராத சிக்கல். 2008 ஜூலையில், தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் பயன்படுத்திய பொருளின் பலவீனத்தால் அவை பழுதாவதாக என்விடியா அறிவித்து, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடக்கும்போது இணைப்புகள் விரிசல் காண்பது இத்தகைய பழுதின் இயல்பு.

2016: ஒரு நல்ல ஆண்டு

2016 ஆகஸ்டில் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் 'எம்' நீக்கப்பட்டது. அதற்குத் தகுதியும் இருந்தது. ஜிடிஎக்ஸ் 1060 இரண்டு வகைக் கணினிகளிலும் 1280 கோர்களைக் கொண்டிருந்தது. 1080 இரண்டிலும் 2560. பெயர் சொன்னதும் உள்ளே இருந்ததும் ஒன்றாக இருந்த காலம் அது.

அது நீடிக்கவில்லை. 2017-இல் மேக்ஸ்-கியூ என்ற மெல்லிய கணினிகளுக்கான முறை வந்தது. அதே சில்லைக் குறைந்த மின்திறனில் ஓட்டுவதே அதன் சாரம். 2021 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் நிலைமை இன்னும் மாறியது. மேசைக் கணினியின் 3080-இல் 8704 கோர்கள். மடிக்கணினியின் 3080-இல் 6144. பெயர் ஒன்று, சரக்கு வேறு. 'எம்' மட்டும் திரும்பி வரவில்லை.

குதிரைத்திறனும் வாட்டும்

கோவைக்காரருக்கு இதை விளக்க நீண்ட பாடம் வேண்டியதில்லை. பம்பு வாங்கும் விவசாயி 5 குதிரைத்திறன் என்ற எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை மீட்டர் உயரத்துக்கு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பெயர்த்தகட்டில் தேடுவார். மின்னழுத்தம் குறைந்தால் அதே பம்பு தண்ணீர் இறைக்கத் திணறும் என்பதும் அவருக்குத் தெரியும். மடிக்கணினிச் சில்லும் அப்படித்தான். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை அனுமதி உண்டு. எவ்வளவு கொடுப்பது என்பதைக் கணினி தயாரிப்பாளர் தம் குளிர்விப்பு வசதிக்கேற்ப முடிவு செய்கிறார். மிகக் குறைந்த வாட்டில் ஓடும் புதிய தலைமுறைச் சில்லை, முழு வாட்டில் ஓடும் பழைய தலைமுறைச் சில்லு முந்திவிட முடியும். 2021 தொடக்கத்தில் இந்த அளவுகளை வெளியிடுமாறு தயாரிப்பாளர்களை என்விடியா கேட்டுக்கொண்டது. ஆனாலும் கடை விளம்பரத்தில் எண் பெரிதாகத் தெரியும். வாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

999 டாலரின் கதை

விலையை ஒப்பிட ஒரு வசதியான அளவுகோல் உண்டு. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 3060 கொண்ட மடிக்கணினிகள் 999 டாலரில் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2023-இல் அதே 999 டாலரில் தொடங்கியது 4050. 2025-இல் அதே தொகைக்கு 5050. 5060 வேண்டுமானால் 1099 டாலர். ஆக, தொடக்க விலை மாறவில்லை, கிடைக்கும் படிநிலைதான் ஒரு படி இறங்கிவிட்டது.

3060-இல் 3840 கோர்கள், நினைவகப் பாதையின் அகலம் 192 பிட். 4050-இல் 2560 கோர்கள், 96 பிட். எண்ணிக்கை குறைந்தாலும் வேகமான கடிகாரத்தாலும் பெரிய இடைநினைவகத்தாலும் 4050 பொதுவாக 3060-ஐ ஒட்டியோ சற்று மேலாகவோ ஓடுகிறது, குறைந்த மின்சாரத்தில். மின்சிக்கனம் உண்மையான முன்னேற்றம். ஆனால் கொடுத்த பணத்துக்கான வேகம் இரண்டு ஆண்டுகளில் அதிகம் நகரவில்லை என்பதும் உண்மை. புதிய வரிசைகளின் விளம்பரத்தில் காட்டப்படும் பெரிய பாய்ச்சல்களில் கணிசமான பகுதி, செயற்கை நுண்ணறிவு இடையில் உருவாக்கிச் சேர்க்கும் படச் சட்டங்களால் வருவது. விளையாட்டுக்கு அது உதவும். முப்பரிமாண வார்ப்பு வடிவத்தைத் திருப்பிப் பார்க்கும் பொறியாளருக்கு அதனால் பயனில்லை.

இந்தியாவில் ரூபாயும் சேர்ந்துகொள்கிறது. 2021 தொடக்கத்தில் டாலர் சுமார் 73 ரூபாய். 2025 நடுவில் 85-ஐத் தாண்டியிருந்தது. 999 டாலரும் 18 சதவீத சரக்கு-சேவை வரியும் சேர்ந்தால் அன்று ஏறத்தாழ 86,000 ரூபாய். 2025 நடுவில் ஒரு லட்சம். கடை விலை இக்கணக்கிலிருந்து மாறுபடும். ஆனால் சில்லு சற்றும் மேம்படாமலேயே இவ்வளவு ஏற்றம் வந்திருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எட்டு ஜிபி

நினைவகத்தின் வரலாறு இன்னும் வியப்பானது. 2016-இன் மடிக்கணினி 1070-இல் 8 ஜிபி வரைகலை நினைவகம். 2070, 3070, 4070, 2025-இல் வந்த 5070 ஆகியவற்றிலும் அதே 8 ஜிபி. நினைவகத்தின் வேகம் ஜிடிடிஆர்5 முதல் ஜிடிடிஆர்7 வரை வளர்ந்தது; கொள்ளளவு ஒன்பது ஆண்டுகளாக அசையவில்லை. 12 ஜிபி வேண்டுமெனில் 2025-இல் 5070 டிஐ வரை ஏற வேண்டியிருந்தது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் மாணவருக்கு இதுவே முதல் சுவர்: மாதிரி நினைவகத்துக்குள் அடங்காவிட்டால், சில்லு எவ்வளவு புதியதானாலும் வேலை நின்றுவிடும் அல்லது நத்தையாகும்.

மறுபுறம், திருப்பூரின் பின்னலாடை அச்சு வடிவமைப்பு பெரும்பாலும் இருபரிமாண வேலை; அதற்கு முதன்மை நினைவகமும் நல்ல திரையுமே முக்கியம். அங்கு விலையுயர்ந்த வரைகலைச் சில்லுக்குச் செலவிடுவது வீண். பழைய 30 வரிசைக் கணினியைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் பார்க்க வேண்டியது வேறு. பற்றவைத்த சில்லு பழுதானால் பெரும்பாலும் தாய்ப்பலகை முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, தூசி அடைத்த விசிறியோடு பல ஆண்டுகள் ஓடிய கணினியில் அந்த வாய்ப்பு கூடுதலே.