கேரளாவில் வயலை மேடாக்கி வீடு கட்ட முடியுமா? முடிவெடுக்கும் உள்ளூர்க் குழு எப்படி வேலை செய்கிறது?

கேரளாவில் 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிரிடப்பட்டது. இன்று அது சுமார் 2 லட்சம் ஹெக்டேர்தான். மீதி எங்கே போனது? கொஞ்சம் ரப்பர், தென்னை, வாழைக்குப் போனது. இன்னொரு பெரும் பகுதியில் லோடு லோடாக செம்மண் அடித்து, மேடாக்கி, வீடும் கடையும் கட்டிவிட்டார்கள்.

மழைநீர் தேங்கி நின்று மெதுவாக மண்ணுக்குள் இறங்கும் இடம் வயல். அதை மேடாக்கினால் தண்ணீர் பக்கத்து வயலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும். கோடை வந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிடும். அதனால்தான் 2008-ல் கேரள அரசு 'நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம்' கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 12 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

வயலில் வீடு கட்டலாமா என்ற கேள்வியை முதலில் ஆராயும் பொறுப்பை இந்தச் சட்டம் தலைமைச் செயலகத்துக்குத் தரவில்லை. அந்தந்தப் பஞ்சாயத்தில் உள்ள ஒரு சிறிய குழுவுக்குத் தந்திருக்கிறது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? என்ன கேட்பார்கள்? எங்கே சிக்கல் வருகிறது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்: 'நிலம்' என்றால் என்ன?

தமிழில் 'நிலம்' என்றால் எந்த இடமாகவும் இருக்கலாம். கேரள வருவாய்த் துறைப் பதிவேட்டில் அப்படி இல்லை. அங்கே 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நெல்வயல், அதாவது நம்மூர் நஞ்சை. வீடு கட்டத் தகுந்த மேட்டு இடத்துக்கு அங்கே 'புரயிடம்' என்று பெயர். பாலக்காடு பக்கம் மனை பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பங்கள் பத்திரத்தில் 'நிலம்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு சாதாரணமாகக் கடந்துபோய்விடக் கூடாது. அந்த ஒரு சொல்லிலேயே வீடு கட்ட முடியுமா, முடியாதா என்பது தீர்மானமாகிவிடலாம்.

இந்தச் சட்டம் இடங்களை இரண்டாகப் பார்க்கிறது. ஒன்று நெல்வயல். மற்றொன்று ஈரநிலம்: காயல், கழிமுகம், சதுப்பு, அலையாத்திக் காடு போன்றவை. ஈரநிலத்தை மேடாக்க முழுத் தடை. வீட்டுக்காக என்றாலும் விதிவிலக்கு கிடையாது. நெல்வயலுக்கும் தடைதான், ஆனால் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது.

குழுவில் யார் யார்?

ஒவ்வொரு பஞ்சாயத்திலும், நகராட்சியிலும், மாநகராட்சியிலும் 'உள்ளூர் கண்காணிப்புக் குழு' இருக்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் அல்லது நகராட்சித் தலைவர், மாநகராட்சி என்றால் மேயர், அதன் தலைவர். கிருஷி பவனில் இருக்கும் வேளாண் அலுவலர், வில்லேஜ் ஆபீசர் ஆகியோர் உறுப்பினர்கள். இவர்களோடு அதே ஊரில் நெல் பயிரிடும் விவசாயிகள் 3 பேர்.

இந்த அமைப்புக்குக் காரணம் இருக்கிறது. ஒரு வயலை மேடாக்கினால் எந்த வாய்க்கால் அடைபடும், எந்தப் பக்கம் தண்ணீர் திரும்பும் என்பது வரைபடத்தில் தெரியாது. பக்கத்து வயலில் நாற்று நட்டவருக்குத் தெரியும்.

அதே சமயம், விண்ணப்பம் போடுபவரும் பக்கத்து வீட்டுக்காரர்தான், ஓட்டுப் போடுபவரும் அவர்தான். தலைவரோ தேர்தலில் நின்று ஜெயித்தவர். தெரிந்த முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்வது லேசான காரியம் இல்லை. உள்ளூர் ஆய்வின் பலமும் பலவீனமும் இதுதான்.

குழு என்ன கேட்கும்?

வயலின் சொந்தக்காரர் தனக்கு வீடு கட்ட அனுமதி கேட்டால், பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சி, மாநகராட்சியில் 5 சென்ட் வரைதான் குழு பரிந்துரைக்க முடியும். அதற்கு மேல் பரிந்துரைக்க அதிகாரமே இல்லை. கூடவே நான்கு நிபந்தனைகள்:

1. மேடாக்குவதால் அந்தப் பகுதியின் சூழலும் பக்கத்து வயலின் சாகுபடியும் பாதிக்கக் கூடாது.

2. விண்ணப்பிப்பவருக்கோ அவரது குடும்பத்துக்கோ அந்த மாவட்டத்தில் வீடு கட்டத் தகுந்த வேறு இடம் இருக்கக் கூடாது.

3. வீடு சொந்த உபயோகத்துக்காக இருக்க வேண்டும். கட்டி விற்கும் எண்ணம் இருந்தால் அனுமதி இல்லை.

4. அந்த இடம் நாலாபுறமும் வயல்களால் சூழப்பட்ட நடுத்துண்டாக இருக்கக் கூடாது.

நான்காவது நிபந்தனை ஏன்? நடுவில் ஒரு வீடு வந்தால் அதற்குப் பாதை வேண்டும். பாதைக்கு இன்னும் கொஞ்சம் மண் அடிக்க வேண்டும். பாதை வந்தபின் ஓரத்து வயல்காரரும் மனை போட ஆசைப்படுவார். சில வருடத்தில் பாசனம் துண்டாகி, சுற்றியுள்ள வயலெல்லாம் தரிசாகிவிடும். 10 சென்ட்டுக்குக் கொடுத்த அனுமதி பல ஏக்கரைத் தின்றுவிடும்.

அப்போ அனுமதி தருவது இந்தக் குழுதானா?

இல்லை. இது பரிந்துரை மட்டுமே செய்யும். வீட்டுக்கான விண்ணப்பத்தில் முடிவெடுப்பது ஆர்.டி.ஓ. இடம்பெறும் மாவட்ட அளவிலான குழு. அங்கே மறுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். சாலை, மருத்துவமனை போன்ற பொதுத் தேவை என்றால் விவகாரம் மாநில அளவிலான குழுவுக்கும் அரசுக்கும் போகும்.

இன்னொரு முக்கியமான விஷயம். 2008-க்குப் பிறகு, வயல் என்று தெரிந்தே வாங்கியவர்கள் இந்த வீட்டுச் சலுகையை உரிமையாகக் கோர முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. சலுகையின் நோக்கம், வேறு போக்கிடம் இல்லாத பழைய நில உரிமையாளருக்கு ஒரு கூரை. மலிவாக வயலை வாங்கி மனையாக்குபவருக்கு அல்ல.

எல்லாம் ஒரு பட்டியலில்தான் இருக்கிறது

எது வயல், எது ஈரநிலம் என்பதைச் சொல்லும் பட்டியலுக்கு 'டேட்டா பேங்க்' என்று பெயர். ஒவ்வொரு உள்ளூர் குழுவும் தன் எல்லைக்குள் இருக்கும் வயல்களையும் ஈரநிலங்களையும் சர்வே எண் வாரியாகக் குறித்து இதைத் தயாரிக்க வேண்டும். கேரள மாநிலத் தொலையுணர்வு, சுற்றுச்சூழல் மையத்தின் செயற்கைக்கோள் படங்களும் இதற்குப் பயன்படுகின்றன.

இங்கேதான் பெரிய சிக்கல். பல ஊர்களில் பட்டியல் வரத் தாமதமானது. வந்த பட்டியல்களிலும் பிழைகள் இருந்தன. பல வருடம் முன்பே தென்னந்தோப்பாக மாறிய இடம் வயல் என்று பதிவாகியிருக்கும். உண்மையான வயல் விடுபட்டுப் போயிருக்கும். முதல் வகைப் பிழையால் ஒரு குடும்பத்தால் வீடு கட்ட முடியாமல் போகும். இரண்டாவது வகைப் பிழையால் ஒரு வயல் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

பட்டியலில் தவறாகச் சேர்க்கப்பட்டதாக நினைப்பவர்கள் 'படிவம் 5'-ல் ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பிக்கலாம். வேளாண் அலுவலரின் அறிக்கையும், தேவைப்பட்டால் செயற்கைக்கோள் படமும் பார்க்கப்படும். கேள்வி ஒன்றுதான்: 2008 ஆகஸ்ட் 12 அன்று அந்த இடம் நெல் சாகுபடிக்கு உகந்த வயலாக இருந்ததா? இன்று புல் முளைத்துக் கிடக்கிறது என்பதோ, பக்கத்தில் வீடுகள் வந்துவிட்டன என்பதோ மட்டும் பதில் ஆகாது. கீழிருந்து வரும் அறிக்கையை அப்படியே நகலெடுக்காமல், அதிகாரி தானே ஆராய்ந்து காரணத்தோடு உத்தரவு போட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2008-க்கு முன்பே மேடாக்கப்பட்டு, டேட்டா பேங்கில் இல்லாத இடங்களை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி தரலாம் என்ற வழி வந்தது. இதற்குத் தனி விண்ணப்பமும் கட்டண முறையும் உண்டு. இடம் 50 சென்ட்டுக்கு மேல் இருந்தால் 10 சதவீதத்தை நீர்ச் சேகரிப்புக்கு ஒதுக்க வேண்டும். விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்ததால் துணை ஆட்சியர்களுக்கும் இந்த அதிகாரம் பிரித்துத் தரப்பட்டது.

மீறினால் என்ன ஆகும்?

6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மேடாக்கிய இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உத்தரவிட மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறி மாற்றிய வயலில் கட்டுமானத்துக்கு உள்ளாட்சி அமைப்பு உரிமம் தரக் கூடாது.

சட்டம் கடுமைதான். ஆனால் ஒரே இரவில் 20 லோடு மண் அடித்துவிட முடியும். அதை அள்ளி எடுக்கும் வழக்கு வருடக்கணக்கில் நடக்கும். ஆகவே கட்டிய பிறகு தண்டிப்பதைவிட, கட்டும் முன் கேட்கப்படும் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம்.

கேட்காமல் விட்டால்? மரடு சொல்லும் பாடம்

கொச்சிக்கு அருகே உள்ள மரடு இதற்குச் சாட்சி. அங்கே சிக்கல் வயல் சட்டத்தால் வரவில்லை, கடலோர ஒழுங்குமுறை விதிகளால் வந்தது. ஆனால் தவறு தொடங்கிய இடம் உள்ளூர் அலுவலகம்தான். காயல் ஓரத்தில் அடுக்குமாடிகள் கட்ட 2006-ல் அப்போதைய மரடு கிராமப் பஞ்சாயத்து அனுமதி தந்தது. கடலோர மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை. அடுத்த ஆண்டே பஞ்சாயத்து நோட்டீஸ் அனுப்பியது, கட்டுமான நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கட்டடங்கள் எழுந்தன, மக்கள் பணம் கட்டிக் குடியேறினார்கள்.

2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. 340-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால இழப்பீடாக தலா 25 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2006-ல் ஒரு கோப்பு சரியான மேசைக்குப் போயிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

மற்ற மாநிலங்களில் நிலைமை என்ன?

நாடு முழுவதற்கும் 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. இதன்படி, கடந்த 10 ஆண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர வேறு நிரந்தரக் கட்டுமானம் கூடாது. ஆனால் நெல்வயல், ஆற்றுப்பாதை, பாசனத்துக்காக வெட்டிய ஏரி, குடிநீருக்காகக் கட்டிய நீர்நிலை ஆகியவை இதில் வராது. மற்றவற்றிலும் ராம்சர் இடங்களுக்கும், அரசு அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கும்தான் இந்த விதிகள் பொருந்தும். ஊர்க் குழு என்ற ஏற்பாடும் இல்லை. மாநில அளவில் ஓர் ஆணையம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே இங்கேயும் எல்லைதான் பிரச்னை. 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,31,195 ஈரநிலங்களை நேரில் சென்று சரிபார்த்து எல்லை குறிக்கும்படி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

எல்லை தெளிவாக இல்லாதபோது தூரக் கணக்கும் நிற்பதில்லை. பெங்களூரு ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் விட வேண்டும் என்று 2016-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சென்னை பள்ளிக்கரணையிலும் இதே கேள்விதான். 2022-ல் அது ராம்சர் இடமாக அறிவிக்கப்பட்டது. அதன் தாக்கம் எதுவரை என்ற அறிவியல் ஆய்வு முடியும்வரை 1 கி.மீ. சுற்றளவில் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

கேரளாவில் இடம் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

- வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டைப் பார்க்கவும். 'நிலம்' என்று இருக்கிறதா, 'புரயிடம்' என்று இருக்கிறதா?

- அந்த சர்வே எண் டேட்டா பேங்கில் இருக்கிறதா என்று கிருஷி பவனில் கேட்கவும். மேடாகத் தெரிகிறது, மரம் நிற்கிறது என்பதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

- 'மாத்திக்கலாம், ஆள் இருக்கு' என்று விற்பவர் சொன்னால், மாற்றிய உத்தரவைக் கையில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுக்கவும்.

- காயலோ கடலோ பக்கத்தில் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை எல்லையைத் தனியாகச் சரிபார்க்கவும். வயல் சட்டத்தில் அனுமதி கிடைத்தாலும் இது தனிக் கணக்கு.

அந்த ஊரிலேயே இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பக்கத்து வயலில் லாரி நிற்பதைப் பார்த்தால் வில்லேஜ் ஆபீசருக்கோ வேளாண் அலுவலருக்கோ உடனே தகவல் சொல்லலாம். உங்கள் பஞ்சாயத்துக் குழுவில் இருக்கும் மூன்று விவசாயிகள் யார், குழு கடைசியாக எப்போது கூடியது, எத்தனை விண்ணப்பங்களைப் பரிந்துரைத்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அந்தப் பதில் வந்தால், உங்கள் ஊரில் இந்தக் குழு உண்மையில் வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.