அம்மாயி போட்ட கணக்கு

எங்கள் வேலூரில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம். (கோட்டை இருக்கிற வேலூர் இல்லை சார், பரமத்தி வேலூர்!) கரூரிலிருந்து படுக்கை விரிப்பு, தலையணை உறையோடு ‘குவில்ட்’டும் கப்பல் ஏறுகிறது. இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. மேல்துணியை ஒட்டுத்துணிகளால் கோத்துவிட்டால், வெள்ளைக்காரர்கள் சித்திரம் மாதிரி சுவரில்கூட மாட்டுகிறார்கள். என் அம்மாயி பழைய சேலைகளை வெட்டித் தைத்ததும் அதேதான். என்ன, அதற்குப் பெயர் கிடையாது.

இங்கிலாந்துப் பெண்கள் 18-ம் நூற்றாண்டிலேயே அறுகோண ஒட்டுத்துணி தைத்தார்கள். காகிதத்தை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து, ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, கடைசியில் காகிதத்தை உருவிவிடுவார்கள். முடிக்காமல் போட்ட போர்வைகளுக்குள் பழைய கடிதமும் கணக்கு நோட்டுத் தாளும் அப்படியே இருக்கின்றன. அதை வைத்துத்தான் காலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்! 1930-களின் பஞ்ச காலத்தில் அமெரிக்காவில் இதே அறுகோணம் ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்ற பெயரில் சக்கைப்போடு போட்டது.

ஏன் அறுகோணம்? பி.காம். படித்த எனக்குக் கணக்கு என்றால் பற்றும் வரவும்தான். இருந்தாலும் இது புரிந்தது. அறுகோணத்தின் ஒரு மூலை 120 டிகிரி. மூன்று சேர்ந்தால் 360, டேலி ஆகிவிடும். ஐங்கோணத்தில் 108. மூன்று வைத்தால் 36 டிகிரி துண்டு விழும். போர்வையில் ஓட்டை!

2022 நவம்பரில் இங்கிலாந்தில் டேவிட் ஸ்மித் என்ற ஓய்வு பெற்ற அச்சுத் தொழிலாளி, அட்டையை வெட்டி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுகோணத்தை ஆறு பட்டங்களாகப் பிரித்து, அப்படிப்பட்ட எட்டுப் பட்டங்களை ஒட்டவைத்த ஒரு தொப்பி வடிவம். இடைவெளியே இல்லாமல் தளத்தை நிரப்புகிறது. ஆனால் டிசைன் ஒரே சீராகத் திரும்ப வருவதில்லை. நிபுணர்கள் மூவர் அவரோடு சேர்ந்து 2023-ல் அதை நிரூபித்தார்கள். குவில்ட் தைப்பவர்கள் சும்மா இருப்பார்களா? உடனே கத்தரியை எடுத்துவிட்டார்கள். ஒரே தொல்லை, சில தொப்பிகளைக் குப்புறத் திருப்ப வேண்டும். துணிக்கு நல்ல பக்கம் ஒன்றுதானே, அவற்றைத் தனியாக வெட்டியாக வேண்டும்.

நம்ம ஊர் வாசலில் இந்தக் கணக்கு தினமும் நடக்கிறது. 1974-லேயே தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, மனைவி ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்துக்குக் கம்ப்யூட்டர் இலக்கணம் எழுதி, வெளிநாட்டு ஆய்வு இதழில் வெளியிட்டார்கள். நேர்ப்புள்ளி வைத்தால் சதுரம் பிறக்கும். இடைப்புள்ளி வைத்தால் அறுகோணம்.

மார்கழியில் அம்மாயி ‘15-லிருந்து 8 இடைப்புள்ளி’ வைக்கும். கூட்டிப் பார்த்தேன், 169 புள்ளி. வெளிக்கோடே ஓர் அறுகோணம்! அம்மாயி கைநாட்டு. ஒரு புள்ளி பிசகியதில்லை.

அந்தப் போர்வையை, வாழைத்தார் நசுங்காமல் இருக்க வண்டியில் விரித்துக்கொள்ளச் சொல்லி எடுத்துக்கொடுத்தவன் நான்தான். வாழைக்கறை போகுமா? அம்மாயி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் இருந்தது சதுரமா, அறுகோணமா? எவ்வளவு யோசித்தாலும் கறைதான் ஞாபகம் வருகிறது.