பன்னிரண்டு முரடர்களும் உடைந்த ஜன்னல்களும்

"பன்றியோடு சேர்ந்த கன்றும்..." என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. மீதியை எல்லோரும் அறிவார்கள். ஆனால் உலகம் முழுவதும் அடங்காத பிள்ளைகளை என்ன செய்கிறார்கள்? பொறுக்கி எடுத்து ஒரே கட்டிடத்தில், ஒரே அறையில் சேர்த்து வைக்கிறார்கள். பழமொழி சொல்வது உண்மையானால் இதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை. அப்படியிருந்தும் சேர்த்து வைத்தே குணப்படுத்தலாம் என்று நம்பிய சிலர் இருந்தார்கள். அவர்களுடைய கதைதான் இது.

முதலாம் உலகப்போர் முடிந்த 1918. ஆஸ்திரியா தோற்றுப்போய், பசியில் கிடந்த நேரம். தகப்பன் போரில், தாய் வேலையில், பிள்ளைகள் தெருவில். வியன்னாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஆகஸ்ட் ஐக்ஹார்ன், ஓபர்ஹோலாப்ரன் என்ற ஊரில் போர்க்கால அகதிகள் முகாமாக இருந்த கொட்டகைகளில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். அதுவரை சீர்திருத்தப்பள்ளி என்றால் பிரம்பு, பூட்டு, மௌனம். "அடியாத மாடு படியாது" என்பது நமக்கு மட்டும் சொந்தமான தத்துவம் இல்லை, ஐரோப்பாவிலும் அதேதான்!

ஐக்ஹார்ன் பிள்ளைகளை அவரவர் இயல்பைப் பார்த்துக் குழுக்களாகப் பிரித்தார். கடைசியில் எந்தக் குழுவும் ஏற்றுக்கொள்ளாத 12 பையன்கள் மிஞ்சினார்கள். கையில் கிடைத்ததை எறிபவர்கள், கத்தியை எடுப்பவர்கள். வேறு வழியில்லாமல் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே குழு ஆனார்கள். அவர்களோடு இருந்தவர்களுக்கு அவர் இட்ட கட்டளைதான் விசித்திரம். தடுக்காதீர்கள், திட்டாதீர்கள், தண்டிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. நாற்காலி மேசைகள் நொறுங்கின. ஜன்னல் கண்ணாடிகள் போயின. கதவுகளை உதைத்தே பிளந்தார்கள். ஒருவன் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டே வெளியே பாய்ந்தான். சாப்பாட்டு மேசையை விட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் குந்திச் சாப்பிட்டார்கள். கூச்சல் தூரத்துக்குக் கேட்டது. ஊர்க்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள்!

ஒருநாள் ஒரு பெரிய பையன் இன்னொருவன் கழுத்தில் கத்தியை வைத்து, கொன்றுவிடுவேன் என்று கத்தினான். ஐக்ஹார்ன் பக்கத்திலேயே நின்றார். பதறவில்லை. அது வெறும் மிரட்டல் என்று அவர் கணித்திருந்தார். பார்ப்பவர் பயப்படவில்லை என்று தெரிந்ததும் அவன் கத்தியை வீசிவிட்டு, தரையை உதைத்து, ஓவென்று அழுதான். மற்றவர்களும் ஒவ்வொருவராக அப்படி உடைந்து அழும் கட்டத்துக்கு வந்தார்கள். பிறகுதான் குழு மெல்ல அமைதியானது. அவர்கள் வரலாற்றைப் பார்த்தபோது எல்லோருமே வீட்டில் அன்பு இல்லாமல், கொடூரமாக அடிவாங்கி வளர்ந்தவர்கள். அடி வாங்கியே அப்படி ஆனவர்களை இன்னும் அடித்து என்ன பயன்?

இந்த அனுபவத்தை அவர் 1925-இல் புத்தகமாக எழுதினார். முன்னுரை எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய முறையில் இன்னொரு பன்னிரண்டு பேரை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அங்கே யாரும் இல்லை. பையன்கள் மாறியது உண்மை. எதனால் மாறினார்கள் என்பதற்கு ஐக்ஹார்னின் விளக்கம் மட்டும்தான் சாட்சி.

வியன்னாவில் ஐக்ஹார்னிடம் கற்றவர் ஃபிரிட்ஸ் ரெடல். 1936-இல் அமெரிக்கா போனார். 1946-இல் டெட்ராய்ட் நகரில் "பயனியர் ஹவுஸ்" என்ற வீட்டைத் திறந்தார். 8 முதல் 11 வயதுப் பையன்கள், ஒரு நேரத்தில் சுமார் ஐந்து பேர்தான். குருவைப்போல் உடைய விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு பையன் கொதிக்கத் தொடங்கும்போதே பக்கத்தில் போய் நிற்பது, சின்னச் சேட்டையை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது, ஒரு நகைச்சுவையால் சூட்டைக் குறைப்பது, சண்டை நடந்த இடத்திலேயே, நடந்த சூட்டோடு உட்கார்ந்து பேசுவது என்று நுணுக்கமாக வேலை செய்தார். ஒருவன் நடத்தை மற்றவனுக்குத் தொற்றும் என்பதும் அவருக்குத் தெரியும். அதைப்பற்றி ஆராய்ச்சியே செய்தவர் அவர்.

1948-இல் வீடு மூடப்பட்டது. காரணம் பணம் இல்லை! டேவிட் வைன்மன் என்பவரோடு சேர்ந்து ரெடல் எழுதிய இரண்டு புத்தகங்கள் (1951, 1952) மிஞ்சின. பையன்கள் வேறு இடங்களுக்குப் போனார்கள்.

வணிகவியல் படிக்கும் நண்பர்களுக்கு இது புரியும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வீடு, இரவும் பகலும் ஆட்கள் என்றால் தலைக்கு ஆகும் செலவு என்னவாகும்? அதே பணத்தில் பெரிய கூட்டத்தை ஒரு முகாமுக்கு அனுப்பிவிடலாம். குழு முறை பரவியதற்கு அதன் வெற்றி ஒரு காரணம் என்றால், மலிவு இன்னொரு காரணம். ஆனால் மலிவாக்கும்போது முதலில் வெட்டப்படுவது எது? கூடவே இருக்கும் பெரியவர்கள்!

அப்படி வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு குறிப்பு அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கிடைத்தது. அங்கே கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரு நகரங்களில் 1939 முதல் 1945 வரை 506 பையன்களை வைத்து ஒரு சோதனை. பாதிப்பேருக்கு வீட்டுக்கே வரும் ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம். மீதிப்பேருக்கு எதுவும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலானோர் "நன்மைதான்" என்றார்கள். ஆனால் குடிப்பழக்கம், மனநோய், மறுபடி குற்றம் செய்வது, சீக்கிரம் இறப்பது என்று பலவற்றில் அவர்கள் நிலைதான் மோசம்! பிற்பாடு அலசியபோது, கேடு அதிகம் தெரிந்தது கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம்.

இந்த அலசல் 1999-இல் தாமஸ் டிஷியனும் மெக்கார்டும் இன்னொருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வந்தது. டிஷியன் தன் பங்குக்கு, 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளைக் குழுவாக்கிப் பயிற்சி கொடுத்ததில் புகைபிடிப்பதும் வகுப்பில் தொல்லையும் கூடியதைச் சொன்னார். காரணம் மிகச் சின்னது. சிரிப்பு! நண்பர்கள் பேசும் வீடியோக்களை அவர் ஏற்கனவே ஆராய்ந்திருந்தார். ஒருவன் தான் செய்த தப்பைச் சொல்கிறான், மற்றவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு அதிகம் கிடைத்தவர்கள் பின்னால் அதிகம் தவறு செய்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்த யாருக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அப்படியானால் பழமொழி ஜெயித்துவிட்டதா? இல்லை. 2005-இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, குழு முறை பொதுவாகக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்றார்கள். 2015-இல் ஜான் லாக்மன் குழுவினர் 360 முரட்டுக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரே பயிற்சியைப் பாதிப்பேருக்குத் தனியாகவும் பாதிப்பேருக்குக் குழுவாகவும் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் குணம் தெரிந்தது. ஆசிரியர்கள் கணிப்பில் தனியாகக் கற்றவர்கள் கொஞ்சம் முன்னே. பிறகு குழு வகுப்புகளின் வீடியோக்களைப் போட்டுப் பார்த்தார்கள். இந்தமுறை பார்த்தது பிள்ளைகளை மட்டும் அல்ல, நடத்தியவர்களையும். எரிச்சல்படாமல், கனிவோடு, கூட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்களின் குழுக்களுக்கும் அது கைவராதவர்களின் குழுக்களுக்கும் முடிவில் வித்தியாசம் இருந்தது.