அலைவழிக் கூட்டமும் ஆட்கணக்கும்

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் எனப்படும் உவர்மலையிலிருந்து உட்துறைமுகத்தை நோக்குவோர்க்கு, 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படையின் வசமிருந்த அந்நீர்ப்பரப்பின்மேல் எத்தனை கப்பல்களின் கம்பியில்லாத் தந்திகள் பறந்திருக்கும் என்ற சிந்தனை எழுவது இயல்பே. ஆயினும், வேதனத்துக்கன்றி விருப்பத்தின்பொருட்டே அவ்வித்தையைப் பயின்றோரின் சரித்திரம் இத்தீவில் கொழும்பிலேதான் துளிர்த்தது. 1921இல் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், முதல் மகாயுத்தத்திற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கியொன்றின் வானொலிக் கருவிகளைக்கொண்டு ஒலிபரப்பியொன்றை அமைப்பித்து, மத்திய தந்திக் காரியாலயத்தின் சிற்றறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை ஆகாயத்தில் ஏற்றியதோடு, ஆங்கிலேயரும் சுதேசிகளுமான ஆர்வலரைச் சேர்த்து இலங்கைக் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தையும் நிறுவினார். அக்கரையில், 1924 மே 16இல் தோன்றிய சென்னை மாகாண ரேடியோ கிளப், ஜூலை 31 முதல் ஒலிபரப்பி, பொருள்முடையால் 1927இல் ஓய்ந்து, தன் கருவியைச் சென்னை மாநகராட்சிக்கு ஈந்தது.

அமெச்சூர் வானொலியாளர் ஆயிரக்கணக்கிற் கூடும் மகாநாடுகள் பிற்காலத்தவை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டனில் 1952இல் நடந்த முதற் கூட்டத்திற்கு முந்நூறு பேர் வருவரென எதிர்பார்த்திருக்க, அறுநூறுக்கு மேற்பட்டோர் வந்தனர். 1993இல் அத்தொகை 33,669 ஆயிற்று. பின்னர் தொகை தாழ்ந்தபோது, இணையம் வந்தபின் இவ்வித்தைக்கு ஆயுளேது என்று வருந்தினவர் பலர். ஆயினும், 2017இல் ஸீனியா என்னும் அயலூருக்கு இடம் மாறிய அதே மகாநாட்டிற்கு 2024இல் 35,877 பேர் சென்றனர். பழைய வால்வுகளும் மோர்ஸ் சாவிகளும் பரப்பிய மேசைகளுக்கிடையே, ஆண்டுக்கணக்கில் குரலால் மட்டும் பழகியவர்கள், மார்பில் அணிந்த அழைப்புக்குறியைப் படித்து ஒருவரையொருவர் அடையாளங்கண்டு தழுவிக்கொள்ளும் இன்பத்திற்காகவே அத்தனை பேரும் பயணஞ்செய்கின்றனர் என்பது என் துணிபு. அனுமதிப்பத்திரம் பெற்றோர் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட அந்நாட்டிலும், வாயிலில் எண்ணப்படுவோர் ஏறத்தாழ இருபதில் ஒருவர் அளவே. ஆகவே அத்தொகையைக்கொண்டு இவ்வித்தையின் வளர்ச்சியையோ தேய்வையோ நிர்ணயித்தல் பொருந்தாது.

சொற்பமானோரே 4எஸ்7 எனத் தொடங்கும் அழைப்புக்குறியைத் தாங்கும் நம் தீவில் இவ்வுண்மை துயரத்தோடு விளங்கிற்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை திருகோணமலை முதலிய கரைகளை அழித்து, அம்பாந்தோட்டையில் தொலைபேசி முற்றும் அறுந்தபோது, கொழும்பிலிருந்து சென்ற வானொலியாளர் சிலர் மோட்டார் வண்டியின் பேட்டரியால் சிற்றலைக் கருவியை இயக்கிச் செய்தித்தொடர்பை மீட்டனர். நெடுங்காலம் அமெச்சூர் ஒலியே எழாதிருந்த அந்தமானிலோ, உலக வானொலியாளரோடு உரையாடும் பொருட்டு அம்மாத முற்பகுதியிலேயே போர்ட் பிளேயர் வந்திருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழுவினர், அந்த உரையாடலை அக்கணமே நிறுத்தி, உற்றாரின் கதியறியாது தவித்தோர்க்குச் செய்தி தேடித்தரும் பணியில் இறங்கினர்.