பரிந்துரைக்கப்பட்ட மரங்களும் மாகறல் சிறுவனும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே மாகறலில் தலமரம் எலுமிச்சை. ஆனால் தலபுராணம் பேசுவது ஒரு பலாவை. தினம் ஒரு கனி. அதைச் சிதம்பரம் நடராசருக்கு ஊரார் முறைவைத்துச் சுமக்கவேண்டும் என்பது ராஜேந்திர சோழன் ஆணை. சுமை தாளாமல் ஒரு சிறுவன் மரத்தையே கொளுத்திவிட்டான். கதைதான், கல்வெட்டு அல்ல. ஆனாலும் மரத்தின் பெருமைக்குள் கிடக்கும் வெட்டியை (கூலியில்லா உழைப்புக்குச் சோழர் காலப் பெயர்) இவ்வளவு பச்சையாகச் சொன்ன பிரதி வேறு உண்டா?

1835இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் வந்தது. செடியைப் பரிந்துரைப்பது அப்போது நிறுவனத்தின் வேலையாயிற்று. 1876இல் வன அதிகாரி பெடோம் விதை கேட்டு எழுதினார். மறுவருடம் சீமைக்கருவேலம் வந்து இறங்கியது. வறட்சி தாங்கும், விறகாகும் என்பது பரிந்துரை. அது ஏரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முள் தைத்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மக்கள் 'சீமை' என்று ஒரு அடைமொழி போட்டாவது அதை அடையாளம் வைத்தார்கள். நர்சரிகள் விற்ற கோனோகார்பஸுக்கு அதுகூட வாய்க்கவில்லை. சீக்கிரம் வளரும், வருஷம் பூரா பச்சை, வெட்டினால் சொன்ன வடிவில் நிற்கும். தோட்டம் அமைப்பவருக்கு வேறென்ன வேண்டும்? மகரந்தம் மூச்சுக்கு ஆகாது, வேர் குழாய்களைக் கெடுக்கும் என்று 2023இல் குஜராத்தும் 2025இல் தமிழகமும் தடுத்தன.

இப்போது புங்கன், பூவரசு என்று நாட்டுமரம் பேசுகிறோம். நல்லதுதான். அதற்கும் முதல் இரண்டு கோடைக்கு யாராவது குடம் தூக்கியாகவேண்டும். யார் என்று எழுதிய பட்டியலை நான் இன்னும் பார்க்கவில்லை.