வைடாலும் ஒன்றுக்கு நூற்றறுபதும்

1914-ஆம் ஆண்டு. திருப்பதி போய்த் திரும்பிய அழகம்மாள், திருவண்ணாமலையில் அருணாசல மலையின் விருபாட்சிக் குகையில் இருந்த மகனிடம் வந்தார். வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு வாரக்கணக்கில் படுத்துவிட்டார். மகன் ரமணர் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார். நோய் தணிய வேண்டி அருணாசலத்தின்மேல் நான்கு பாடல்களும் இயற்றினார். ரமணரின் வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் அந்தக் காய்ச்சலை டைபாய்டு என்று முடிவுகட்டவில்லை. டைபாய்டின் அறிகுறிகள் தெரிந்தன என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். அந்த நிதானம் போற்றத் தக்கது. அன்னை பிழைத்தெழுந்தார். 1922 மே 19 அன்று மறைந்தார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் ரமணாசிரமம்.

ஆசிரமத்தைத் தொட்டுச் செல்லும் செங்கம் சாலைப் பக்கம் இன்று ஒருவருக்குக் காய்ச்சல் நாலு நாள் நீடித்தால், கையில் ஒரு சீட்டு வந்துவிடும். அதில் ‘வைடால்’ என்று இருக்கும். சிலர் ‘விடால்’ என்பார்கள். கீழே நான்கு வரிகள்: ஓ, ஹெச், ஏ ஹெச், பி ஹெச். எதிரே 1:80, 1:160 என்று எண்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த எண் வேறு உருவம் எடுக்கும். “ரத்தத்துல டைபாய்டு நூத்தி அறுபது இருக்காம்.” கிருமியையே எண்ணிப் பார்த்துச் சொன்ன மாதிரி.

எண்ணியது கிருமியை அல்ல. இந்தச் சீட்டில் உள்ள சொற்கள் ஒவ்வொன்றின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது.

வைடால் என்பது ஆள் பெயர். ஃபெர்னான் விடால், 1862-இல் அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சு மருத்துவர். 1896 ஜூன் 26 அன்று பாரிஸ் மருத்துவர் சங்கக் கூட்டமொன்றில் அவர் ஒரு செய்தியை வைத்தார்: டைபாய்டு நோயாளியின் சீரத்தை டைபாய்டு கிருமிகள் நீந்தும் திரவத்தில் கலந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், அதைக் கண்டே நோயை அறியலாம். அதே ஆண்டில் வியன்னாவில் மாக்ஸ் குரூபரும் அவருடைய ஆங்கிலேய மாணவர் ஹெர்பர்ட் டர்ஹாமும் கிருமிகள் இப்படித் திரள்வதை முன்பே விவரித்திருந்தார்கள். குரூபரிடம் பயின்ற ஆல்பர்ட் குரூன்பாமும் நோயாளிகளிடம் இதைச் சோதித்துக்கொண்டிருந்தார்; அச்சில் முந்தியவர் விடால். சில நாடுகளில் ‘குரூபர்-விடால் சோதனை’ என்று இருவர் பெயரும் சேர்ந்து வழங்கியது. நம் ஊர்ச் சீட்டில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். டர்ஹாமுக்கு வேறு வழியில் நீதி கிடைத்தது: கிருமி வாயு உண்டாக்குகிறதா என்று பார்க்கக் கவிழ்த்து வைக்கும் சின்னஞ்சிறு குழாய் இன்றும் ‘டர்ஹாம் குழாய்’தான்.

சீரம் என்பது லத்தீன் சொல். பால் திரிந்து கட்டியானபின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீருக்கு அந்த மொழியில் வழங்கிய பெயர். ரத்தத்தைக் குழாயில் உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே நிற்கும் வைக்கோல் நிறத் தெளிவைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகப் பட்டது. தமிழில் ஊநீர் என்றும், இலங்கையில் நீர்ப்பாயம் என்றும் பெயர் வைத்துப் பார்த்தோம். ஆய்வகத்தில் சீரமே நிலைத்தது. அதற்குள் இருக்கும் எதிர்ப்பொருளுக்கு இலங்கைத் தமிழர் வைத்த பெயர் பிறபொருளெதிரி. நாக்குக்குக் கொஞ்சம் நீளம். ஆனால் வெளியிலிருந்து வந்த பொருளை எதிர்ப்பது என்ற முழு விளக்கத்தையும் அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. கிருமிகள் திரள்வதை ஒருங்கொட்டல் என்பதும் அங்கே வழக்கம். இந்த இரண்டு சொற்களும் நம் பாடநூல்களுக்கும் வரவேண்டியவை.

சோதனை நடக்கும் விதம் எளிது. கண்ணாடிப் பலகையில் சீரத்தின் சொட்டுகள் விழும்: 80 மைக்ரோலிட்டர், அடுத்து 40, பிறகு 20, 10, 5. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு ஆன்டிஜென், அதாவது கொல்லப்பட்டுச் சாயமேற்றிய கிருமிக் கலவை. ஓ நீலம், ஹெச் சிவப்பு. குச்சியால் கலந்து ஒரு நிமிடம் பலகையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் ஒரே நிறமாக இருந்த சொட்டு மணல்மணலாகத் திரியும். 80 மைக்ரோலிட்டர் சொட்டுக்கு 1:20 என்று கணக்கு. சொட்டு பாதியாகக் குறையக் குறைய எண் இரட்டிக்கும். 10 மைக்ரோலிட்டரில்கூடத் திரிந்தால் 1:160. அதாவது அவ்வளவு நீர்த்த பிறகும் எதிர்ப்பொருளுக்கு வேலை செய்யும் வலு இருக்கிறது என்று பொருள்.

இந்த எண்ணுக்குப் பெயர் டைட்டர். பிரெஞ்சில் அது பொன்னும் வெள்ளியும் எவ்வளவு சுத்தம் என்று குறிக்கும் சொல். பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த ‘மாற்று’தான் அது. பொற்கொல்லரின் உரைகல்லிலிருந்து வேதியியலுக்கும், அங்கிருந்து சீரத்துக்கும் வந்தது. மாற்று என்பது தரத்தைச் சொல்வது, எண்ணிக்கையை அல்ல. ‘நூத்தி அறுபது கிருமி’ என்ற புரிதல் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது.

ஓ, ஹெச் என்ற எழுத்துகளின் கதை போர்முனையில் தொடங்குகிறது. முதல் உலகப் போரின்போது எட்மண்ட் வைல், ஆர்தர் ஃபெலிக்ஸ் என்ற இருவர் கிழக்கு ஐரோப்பாவில் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தார்கள். புரோட்டியஸ் என்ற கிருமியை வளர்த்தபோது, நீந்தும் வகை தட்டு முழுதும் மெல்லிய படலமாகப் பரவியது. குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் ஆவி போல இருந்ததால் ஜெர்மன் மொழியில் மூச்சுக்கான சொல்லான ‘ஹாவ்ஹ்’ என்று குறித்தார்கள். பரவாத வகைக்கு ‘ஓனே ஹாவ்ஹ்’, மூச்சில்லாதது. முதலெழுத்துகள் மட்டும் நின்றன: ஹெச் என்றால் கிருமியின் நீந்தும் வாலில் உள்ள பொருள், ஓ என்றால் உடலின் மேற்பரப்பில் உள்ளது. வைல் 1922-இல், ஆராய்ச்சியின்போதே டைபஸ் தொற்றி இறந்தார். செங்கம் சாலைச் சீட்டில் இருக்கும் இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

டைபாய்டு என்ற பெயருக்கே வேர் ‘டைபோஸ்’ என்ற கிரேக்கச் சொல். புகை, மயக்கம் என்று பொருள். நோயாளி பிதற்றிக்கொண்டு மங்கிக் கிடப்பதைப் பார்த்து வைத்த பெயர். யாழ்ப்பாணத்தில் நெருப்புக் காய்ச்சல் என்கிறார்கள். கிரேக்கர் புகையைப் பார்த்தார்கள், தமிழர் நெருப்பைத் தொட்டுப் பார்த்தார்கள்.

சரி, சீட்டில் 1:160 என்று வந்தால் டைபாய்டா? இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் ஆகும்வரை எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாவதில்லை; நாலாம் நாள் சோதனையில் நிஜமான டைபாய்டே தப்பிவிடலாம். மறுபுறம், டைபாய்டு பரவலாக உள்ள நம் ஊர்களில் பழைய தொற்றின் மிச்சம் நலமாக இருப்பவர் ரத்தத்திலும் நிற்கும். டைபாய்டின் இனக் கிருமிகளும், மலேரியா போன்ற வேறு காய்ச்சல்களும்கூடச் சொட்டைத் திரியவைக்கும். அதனால்தான் பழைய மருத்துவ நூல்கள் ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் இருமுறை ரத்தம் எடுத்து, டைட்டர் நான்கு மடங்கு ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்கின்றன. நடைமுறையில் இரண்டாம் முறைக்கு யாரும் திரும்பி வருவதில்லை. ஒற்றைச் சீட்டை நம்பி ஆன்டிபயாடிக் ஏற்றுவது பழகிவிட்டது. இது வருத்தப்பட வேண்டிய பழக்கம். தேவையில்லாமல் விழும் ஒவ்வொரு ஊசியும் அடுத்த நோயாளிக்கு அந்த மருந்து பலிக்காமல் போகும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

கிருமியையே பிடித்துக் காட்டுவது பிளட் கல்ச்சர். மருந்து தொடங்கும் முன்பே, முதல் வாரத்தில் ரத்தம் எடுத்து, கிருமி வளர ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும். அதிலும் பத்தில் நான்கு தப்பும். ஆனால் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை அது சொல்லும், வைடாலால் சொல்ல முடியாது. திருவண்ணாமலைக்குப் பக்கத்திலுள்ள வேலூர், கொல்கத்தா, டெல்லி, புனே பகுதிகளில் சுமார் 24,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023-இல் வெளியானது. அது கல்ச்சரை வைத்தே டைபாய்டை உறுதிசெய்தது. நகர்ப்புறக் குழந்தைகளிடம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 576 முதல் 1,173 வரை என்று கணக்கு வந்தது. நோய் நிஜமானது, பெரியது. அதனாலேயே சோதனையும் நம்பகமாக இருக்க வேண்டும்.

ஃபெலிக்ஸ் அந்த இரண்டு எழுத்துகளோடு நிற்கவில்லை. 1934-இல் மார்கரெட் பிட் என்பவருடன் சேர்ந்து டைபாய்டு கிருமியின் மேலுறையில் மூன்றாவது பொருளொன்றைக் கண்டார். நோயின் கடுமைக்கு அதுவே காரணம் என்று கருதி, கடுமையைக் குறிக்கும் ‘விருலன்ஸ்’ என்ற சொல்லின் முதலிரண்டு எழுத்துகளால் ‘வி ஐ’ என்று பெயரிட்டார்கள். வைடால் சீட்டில் அதற்கு வரி இல்லை. ஹைதராபாதில் தயாராகி, ஆறு மாதக் குழந்தை முதல் போடப்படும் இன்றைய டைபாய்டு தடுப்பூசியில் இருப்பது அந்த வி ஐ-தான்.