நான்கு எழுத்தும் நான்கு புள்ளியும்: இறைப்பெயர் மரியாதையின் வரலாறு

முன்னுரை

எபிரேய விவிலியத்தில் கடவுளின் தனிப்பெயர் யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கு மெய்யெழுத்துகளால் ஆனது. ஏறத்தாழ 6,800 இடங்களில் அது வருகிறது. இத்தனை முறை எழுதப்பட்ட பெயரை யூதர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. இம்மரியாதை வளர்ந்த தடம், இறையியல் வாதங்களைக் காட்டிலும் ஏடெழுதியவர்களின் கைப்பழக்கத்தில் தெளிவாகப் பதிந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பேச்சில் புழங்கிய பெயர்

தொடக்கத்தில் இப்பெயருக்குத் தடை இருந்ததாகத் தெரியவில்லை. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் மோவாப் மன்னன் மேசா பொறித்த கல்வெட்டில், இஸ்ரயேலரின் கடவுள் பெயராக அது காணப்படுகிறது. பாபிலோனியர் யூதாவை அழித்த காலத்தைச் சேர்ந்த லாக்கீசு பானையோட்டு மடல்களில், மேலதிகாரிக்கு நலம் வேண்டும் வாழ்த்திலேயே அப்பெயர் இடம்பெறுகிறது. அன்றாடக் கடிதத்தில் கூச்சமின்றிப் புழங்கிய பெயர் அது.

வாய் மூடிய காலம்

அந்த அழிவுக்குப் பின் எருசலேமில் மீண்டும் கட்டப்பட்ட இரண்டாம் ஆலயத்தின் காலத்தில் நிலைமை மாறியது. கடவுளின் பெயரை வீணாக எடுத்தாளக் கூடாது என்ற பத்துக் கட்டளை விதி, பெயரைச் சொல்வதையே தவிர்க்கும் அளவுக்கு விரிந்தது. லேவியர் நூலில் பெயரைப் பழிப்பவனுக்கு விதித்த தண்டனையை, கிரேக்க மொழிபெயர்ப்பு பெயரைச் சொல்பவனுக்கு உரியதாகவே தருகிறது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவின்படி, குருக்கள் ஆசி கூறும்போது எருசலேம் ஆலயத்துக்குள் பெயரை உள்ளபடியே சொன்னார்கள். வெளியூர்களில் மாற்றுச்சொல்லை ஆண்டார்கள். பாவக்கழுவாய் நாளில் தலைமைக் குரு அப்பெயரை உச்சரித்ததும், முற்றத்தில் நின்றவர்கள் முகங்குப்புற விழுந்து வணங்கினார்கள். கி.பி. 70இல் உரோமைப் படை ஆலயத்தை அழித்தபின், சொல்வதற்கென இருந்த இடமே இல்லாமற் போயிற்று. வேதம் வாசிக்கையில் ‘அதோனாய்’ (என் ஆண்டவர்), பேச்சில் ‘ஹஷேம்’ (அந்தப் பெயர்) என்ற வழக்குகள் நிலைத்தன.

எழுதிய கை

சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த சுருள்கள் இம்மரியாதையைக் கண்முன் நிறுத்துகின்றன. அபக்கூக்கு விளக்கவுரைச் சுருள் முழுவதும் அக்காலத்துச் சதுர எழுத்தில் ஓடுகிறது. இறைப்பெயர் வரும் இடத்தில் மட்டும் எழுத்தர் வழக்கொழிந்த பழைய எபிரேய எழுத்துக்கு மாறுகிறார். சமூக விதிச் சுருளில், எசாயாவை மேற்கோள் காட்டும் இடத்தில் பெயரே இல்லை. நான்கு எழுத்துக்கு ஈடாக நான்கு புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. வாசிப்பவர் கண் அங்கே நின்றாக வேண்டும்.

எபிரேய விவிலியத்தின் வாசிப்பு மரபைப் பேணிய பிற்காலத்து மசோரெட் அறிஞர்கள் பெயரின் மெய்களைத் தொடவில்லை. ‘அதோனாய்’ என்று வாசிக்க நினைவூட்டும் உயிர்க்குறிகளை மட்டும் சேர்த்தனர். இரண்டையும் கூட்டி வாசித்த இடைக்காலக் கிறிஸ்தவ அறிஞர்களிடமிருந்தே ‘யேகோவா’ என்ற வடிவம் பிறந்தது.

கிறிஸ்தவம் ஏற்றதும் மாற்றியதும்

தொடக்கக் கிறிஸ்தவர்கள் கிரேக்க மொழியில் ‘கீரியோஸ்’ (ஆண்டவர்) என்றே வாசித்தனர். அவர்களின் எழுத்தர்களும் ஒரு தனி முறையைக் கைக்கொண்டனர்: கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து ஆகிய சொற்களைச் சுருக்கி, மேலே ஒரு கோடு இழுத்தனர். கி.பி. 200ஐ ஒட்டிய பாப்பிரசு ஏடுகளிலேயே இது ஊன்றிவிட்டது. வணக்கம் இயேசுவின் பெயருக்கும் விரிந்ததை அந்தக் கோடு காட்டுகிறது. ஆனால் அப்பெயர் மறைக்கப்படவில்லை, சொல்லி வணங்கப்பட்டது. 1274இல் இரண்டாம் லியோன் பொதுச்சங்கம், அதைக் கேட்கையில் தலைவணங்கப் பணித்தது.

முடிவுரை

2008இல் வத்திக்கான், வழிபாட்டில் நான்கெழுத்துப் பெயரை உச்சரிக்க வேண்டாம் என்று ஆயர் பேரவைகளுக்கு எழுதியது. பழைய தமிழ் வேதாகமத்தின் ‘கர்த்தர்’, 1995இல் வந்த திருவிவிலியத்தின் ‘ஆண்டவர்’ ஆகியவையும் இந்த நெடிய வழக்கின் தொடர்ச்சியே. தமிழ் வாசகர் அச்சொற்களைப் படிக்கும் இடத்தில்தான், ஒரு கும்ரான் எழுத்தர் நான்கு புள்ளிகளை வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.